சுவரில் யார் கை படும்?

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கூடத்துச் சுவரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தரையிலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரத்தில் வட்டமாக ஒரு கறை இருக்கும். தாத்தா காலை நீட்டி உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பேப்பர் படிக்கிற இடம் அது. தேங்காய் எண்ணெய் சுவருக்குள் இறங்கிவிட்டது. அதன்மேல் எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும், நாலு மாதத்தில் மஞ்சளாக மறுபடி எட்டிப் பார்க்கும். வீட்டுக்காரர் பெயின்டரைக் குறை சொல்வார், பெயின்டர் கம்பெனியைக் குறை சொல்வார். தலை சாய்க்கிற இடத்துக்கு அந்தப் பூச்சு ஒத்துவராது என்று மட்டும் இருவருமே யோசித்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதென்றால் நிறத்துக்குத்தான் நம்மிடம் நேரம் இருக்கிறது. ஷேடு கார்டு வீட்டுக்கு வரும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை விவாதம் நடக்கும். சந்தன நிறமா, வெளிர் பச்சையா என்று மாமியாரும் மருமகளும் வாக்களிப்பார்கள். கடைக்குப் போனதும் கடைக்காரர் “மேட்டா, ஷீனா சார்?” என்று கேட்பார். “நல்லதாப் பார்த்துக் கொடுங்க” என்று பதில் வரும். சுவர் எத்தனை வருஷம் பார்க்கிற மாதிரி இருக்கப்போகிறது என்பதை முடிவுசெய்கிற கேள்வி, அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

ஒரே கம்பெனி, ஒரே நிறம். ஆனால் ஒன்று மங்கலாக உலர்கிறது, இன்னொன்று கண்ணாடி போல மின்னுகிறது. காரணம் டப்பாவுக்குள் இருக்கிற விகிதம். பெயின்டில் முக்கியமானவை மூன்று: நிறத்தையும் மறைப்பையும் தருகிற தூள், அந்தத் தூளைச் சுவரோடு பிடித்துவைக்கிற பசை, இரண்டையும் தூரிகைக்கு இசைவாக இளக்கிவைக்கிற தண்ணீர் அல்லது டர்பன்டைன் போன்ற திரவம். திரவம் காற்றில் போய்விடும். பசை அதிகமாகவும் தூள் குறைவாகவும் இருந்தால், உலரும்போது பசை மேலே ஆடை போலப் படிந்து சமமாகிவிடும். வெளிச்சம் அதில் பட்டு ஒரே திசையில் திரும்பும். அதுதான் பளபளப்பு. தூள் அதிகமானால் அதன் முனைகள் பசைக்கு மேலே தலைநீட்டும். வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். அது மேட்.

நிறமும் இதனால் மாறித் தெரியும். ஆற்றில் எடுத்த கூழாங்கல் ஈரமாக இருக்கும்போது காட்டுகிற நிறத்தை, காய்ந்தபிறகு காட்டுவதில்லை அல்லவா? அதே கதைதான். பளபளப்பான பூச்சில் நிறம் ஆழமாகத் தெரியும், மேட்டில் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். ஷேடு கார்டில் வழவழவென்று இருந்த மெரூன், மேட் சுவரில் வேறு முகம் காட்டுவது இதனால்தான்.

பளபளப்பை அளக்க ஒரு கருவியே இருக்கிறது. மெருகேற்றிய கறுப்புக் கண்ணாடியை 100 என்று வைத்துக்கொண்டு, 60 டிகிரிக் கோணத்தில் வெளிச்சத்தைப் பாய்ச்சி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்பார்கள். நன்றாக மங்கிய மேட் பூச்சு 5 எண்ணைத் தாண்டாது. சாட்டின் 20 முதல் 35 வரை. அரைப் பளபளப்பு 35 முதல் 70 வரை. அதற்கு மேலே முழுப் பளபளப்பு. கடையில் இந்த எண்ணை யாரும் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு கம்பெனியும் சில்க், ஷீன், வெல்வெட், பேர்ல் என்று தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருக்கிறது. ஒருவரின் ‘சாட்டின்’ இன்னொருவரின் ‘சாஃப்ட் ஷீன்’ ஆகலாம். அதனால் பெயரை நம்பாமல், அடித்துக் காய்ந்த மாதிரிப் பலகையைக் கேட்டு, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்ப்பதே உத்தமம்.

வீட்டுக்காரருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. மேட் பூச்சு சுவரின் மேடுபள்ளத்தை மறைக்கும். ஆனால் கறையை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் மினுமினுவென்று ஆகிவிடும். பளபளப்பான பூச்சில் கறை ஒட்டாது, துடைத்தால் போய்விடும். ஆனால் கொத்தனார் கை நடுங்கிய ஒவ்வொரு இடத்தையும் அது ஊருக்குக் காட்டிக்கொடுக்கும். இரண்டும் ஒருசேர வேண்டுமென்றால் காசு கூடுதலாகும். இப்போது வருகிற உயர்ரக மேட் எமல்ஷன்களில் நல்ல பசையை அதிகம் சேர்த்து, பளபளப்பை மட்டும் தனிப்பொருள் கலந்து மட்டுப்படுத்துகிறார்கள். அவற்றைத் துடைக்கலாம். விலை குறைந்த மேட்டில் அந்த வேலை நடக்காது. அது கோலமாவுக்குக் கொஞ்சம் பசை காட்டிய கதை.

இந்தச் சங்கடம் புதிதல்ல. நம் ஊர் அதற்கு அழகாக ஒரு வழி கண்டிருந்தது. பழைய அரசுப் பள்ளிக்கூடத்தையோ பெரிய ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தையோ நினைத்துப் பாருங்கள். தரையிலிருந்து நாலடி உயரம் வரை கரும்பச்சை அல்லது சாக்லேட் நிறத்தில் எனாமல் பட்டை, அதற்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்பு. அது அலங்காரத்துக்காகச் செய்ததில்லை. பையன்களின் தோளும், நோயாளி உறவினரின் முதுகும், வெற்றிலைக் கையும் படுகிற உயரம் வரை துடைக்கிற பூச்சு. கை எட்டாத இடத்தில் மலிவான பூச்சு. ஒரே சுவருக்கு இரண்டு விதப் பூச்சு என்கிற யோசனையை, இன்றைக்கு வீடு கட்டுகிறவர்கள் ‘அரசாங்க ஆபீஸ் மாதிரி இருக்கும்’ என்று தள்ளிவிடுகிறார்கள். பாவம், அந்தக் கரும்பச்சையின் மேல்தான் கோபம். யோசனையின்மேல் கோபப்பட ஒன்றுமில்லை.

பளபளப்பின்மேல் தமிழ்நாட்டுக்கு இருந்த மோகமும் பெரியது. கிளிஞ்சலைச் சுட்டெடுத்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, தயிர் போன்றவற்றைக் கலந்து அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர்களைப் பார்த்து ஐரோப்பியப் பயணிகள் பளிங்கு என்று ஏமாந்தார்கள். ‘மெட்ராஸ் சுனாம்’ என்று அதற்குப் பெயரே வந்தது. செட்டிநாட்டு வீடுகளில் அந்தச் சுவர்கள் இன்றும் கை வைத்தால் வழுக்குகின்றன. ஆனால் அந்தப் பளபளப்பை டப்பாவில் வாங்கவில்லை. பூசுகிறவரின் தோள்வலியில் வாங்கினார்கள்.

மற்றவர்களுக்கு வருஷம் ஒருமுறை சுண்ணாம்புதான். நீற்றின சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து, பொங்கலுக்கு முன்னால் மட்டையால் அடிப்பார்கள். சுவரில் காய்ந்ததும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அது மறுபடி சுண்ணாம்புக்கல்லாக இறுகும். சாய்ந்தால் சட்டையில் ஒட்டும் என்பது உண்மைதான். ஆனால் சுவருக்குள் இருக்கிற ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். அதற்கடுத்து வந்தது டிஸ்டம்பர். 1942-இல் மும்பையில் நாலு நண்பர்கள் ஒரு கேரேஜில் தொடங்கிய ஏஷியன் பெயின்ட்ஸ், டிஸ்டம்பரை நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுபோனதில் பெரும்பங்கு கொண்டது. கையில் பெயின்ட் வாளியோடு நிற்கும் குறும்புப் பையன் ‘கட்டு’வை 1954-இல் அதற்கு வரைந்து கொடுத்தவர் ஆர்.கே. லக்ஷ்மண். டிஸ்டம்பருக்குப் பிறகு, ‘பிளாஸ்டிக் பெயின்ட்’ என்று கடைகளில் பேர் வாங்கிய எமல்ஷன்.

பழைய வீடு வைத்திருப்பவர்கள் இந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. பல வருஷச் சுண்ணாம்பு மேல் நேராக எமல்ஷனை அடித்தால், எமல்ஷன் ஒட்டுவது சுவரில் அல்ல, தூளாகிக்கொண்டிருக்கும் சுண்ணாம்பில். ஒரு வருஷத்தில் அப்பளம் போல உரிந்து வரும். அடிவரை சுரண்டிவிட்டு பிரைமர் அடிக்கத்தான் வேண்டும். அதோடு தரையிலிருந்து ஓதம் ஏறுகிற சுவராக இருந்தால், பளபளப்பான பூச்சு அங்கே எதிரி. ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் கொப்புளம் கட்டும். உப்புப் பூத்துப் பொருக்கு விடும். முதலில் ஓதத்துக்கு வைத்தியம், அப்புறம்தான் சுவருக்கு அலங்காரம்.

இனி வீட்டுக்குள் போகலாம்.

கூடத்தில் இரண்டு எதிரிகள்: கை, வெளிச்சம். சுவிட்ச் போர்டைச் சுற்றி, கதவோரம், சோபாவுக்குப் பின்னால் கை படும். அந்தச் சுவர்களுக்குத் துடைக்க முடிகிற மெல்லிய ஷீன் அல்லது உயர்ரக மேட் சரி. ஆனால் பெரிய ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்கிற நீளச் சுவருக்கு ஷீன் வேண்டாம். சாய்வாக விழுகிற வெயில், பட்டி பார்த்ததில் விட்டுப்போன ஒவ்வொரு அலையையும் நிழல்போட்டுக் காட்டும். ஃபால்ஸ் சீலிங்கில் ஒளித்துவைத்த எல்.இ.டி. பட்டை விளக்கும் இதையே இரவில் செய்யும். விவரமான பெயின்டர்கள் இரண்டு கை பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டபிறகு, எரிகிற பல்பைச் சுவரோடு ஒட்டிப்பிடித்து ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். நம் வீட்டு வேலையிலும் அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் தெரியாத குறை, பளபளப்பான பூச்சு அடித்தபிறகு பத்து வருஷம் தெரியும்.

படுக்கையறைக்கு மேட்தான். கண்ணுக்கு இதமாக இருக்கும், டியூப் லைட் சுவரில் இன்னொரு டியூப் லைட்டாகத் தெரியாது. கட்டிலின் தலைமாட்டுச் சுவர் மட்டும் விதிவிலக்கு. எண்ணெய் தேய்த்த தலைகள் சாய்கிற இடம் என்பதால் அங்கே சாட்டின், அல்லது ஒரு பலகை. குழந்தைகள் இருக்கிற அறை என்றால் யோசிக்கவே வேண்டியதில்லை. க்ரேயானும் ஸ்கெட்ச் பேனாவும் இரண்டு வயதில் சுவருக்கு வந்துவிடும். மூன்றடி வரையாவது சாட்டின் அடித்துவையுங்கள். அவர்கள் வளர்ந்து மார்க்கரோடு வேறு அறைக்குப் போன பிறகு மேட்டுக்கு மாறிக்கொள்ளலாம்.

மாடிப்படிச் சுவரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கைப்பிடிக்கு எதிர்ப்பக்கச் சுவரில் ஏறுகிறவரின் உள்ளங்கை தவறாமல் படும். பள்ளிப் பை உரசும். கேஸ் சிலிண்டர் ஏறும்போது இடிக்கும். வீட்டில் மிகச் சீக்கிரம் அழுக்காகிற சுவர் அநேகமாக இதுதான். பழைய நாலடிப் பட்டை யோசனைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. மேலும் கீழும் ஒரே நிறம், கீழே அரைப் பளபளப்பு, மேலே மேட் என்று அடித்தால் ஆஸ்பத்திரி ஞாபகமும் வராது.

சமையலறையில் மேடைக்கு மேலே டைல்ஸ் ஒட்டியிருந்தாலும், தாளிக்கிற எண்ணெய் ஆவி டைல்ஸோடு நின்றுவிடாது. அது ஏறி, டைல்ஸ் முடிகிற இடத்துக்கும் சீலிங்குக்கும் நடுவில் பிசுக்காகப் படியும். அதன்மேல் தூசி உட்காரும். அங்கே அரைப் பளபளப்பு இருந்தால் பாத்திரம் கழுவுகிற சோப்பு கலந்த வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துவிடலாம். மேட் இருந்தால் அந்தப் பழுப்பு நிறமே நாளடைவில் சுவரின் நிறமாகிவிடும். மஞ்சள் கையும் அப்படித்தான். பூஜை மாடத்துக்கு நேர் மேலே விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் படிகிற இடத்துக்கும் இதே மருந்து.

குளியலறையில் டைல்ஸுக்கு மேலே மிஞ்சுகிற சுவரும் சீலிங்கும் ஆவியில் தினமும் நனைகின்றன. பூஞ்சை பிடிக்காத மருந்து சேர்ந்த, சாட்டினோ அரைப் பளபளப்போ உள்ள பூச்சு அங்கே வேண்டும். எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் இல்லாத குளியலறையில் எந்தப் பூச்சும் கரும்புள்ளியைத் தள்ளித்தான் போடும், தடுக்காது.

மற்ற அறைகளின் சீலிங்குக்கு வெள்ளை மேட். அதை யாரும் தொடப்போவதில்லை. பலகை பிரித்த தடமும் வயர் பைப் புதைத்த கோடும் மங்கலில் மறைந்துவிடும். இதில் விவாதமே இல்லை.

கதவு, ஜன்னல், கிரில் இவற்றுக்கு நேர்மாறான நியாயம். இரும்புக் கிரில்லுக்குத் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்து, அதன்மேல் கிளாஸ் எனாமல். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று சும்மா இருக்காது; பிரைமரைத் தவிர்த்தால் ஒரு மழைக்காலத்தில் தெரிந்துவிடும். மரக்கதவுக்கு, மிஞ்சிய சுவர் எமல்ஷனை அடிக்கிற சிக்கனம் வேண்டாம். மூடிய கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பூச்சு பிய்ந்துகொண்டு வரும். தேக்குக் கதவு என்றால் பாலிஷ் போதும். வாசல் நிலைப்படிக்கு நம் வீடுகளில் மஞ்சள் எனாமல் அடித்துச் சிவப்புப் பொட்டு வைக்கிறார்களே, அதுவும் சரியான தேர்வுதான்: மஞ்சள் குழைத்துப் பூசினாலும் துடைக்கலாம், மிதித்தாலும் தாங்கும்.

எனாமலில் இரண்டு குணம் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளை ஆயில் எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும். அலமாரிக் கதவின் உள்பக்கம், காலண்டர் மறைத்த இடம் இவற்றில் அந்த மஞ்சளைப் பார்க்கலாம். வெள்ளை வெள்ளையாகவே இருக்க வேண்டுமென்றால் தண்ணீரில் கரைகிற எனாமல் இப்போது கிடைக்கிறது. இரண்டாவது விஷயம் காரீயம். பழைய மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில் காரீயம் சேர்ந்த நிறமிகள் சாதாரணம். வீட்டுப் பெயின்டில் காரீயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி செய்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய கதவு, ஜன்னல்களை வறட்டு உப்புத்தாளால் தேய்த்துப் புழுதி கிளப்ப வேண்டாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த நாலு நாள் வேறு வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.

வெளிச்சுவருக்கு உள்சுவர்ப் பெயின்ட் எக்காரணம் கொண்டும் ஆகாது. ஒரு காலத்தில் ஸ்னோசெம் என்ற ஒரு பெயர்தான். வெள்ளைச் சிமென்டில் செய்த பவுடர், அடித்த மறுநாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். சிமென்ட் பெயின்டுக்கே அந்தப் பிராண்ட் பேராகிவிட்டது. இன்றைக்கு வெளிச்சுவர் எமல்ஷன். அதிலும் லேசான ஷீன் உள்ளது தூசியைக் கொஞ்சம் குறைவாகவே பிடித்துவைக்கும், மழை கழுவிவிடும். பாசி பிடிக்கிற நிழல் பக்கத்துக்கு அது ஏற்றது. முழுப் பளபளப்பு வேண்டாம். மதியச் சூரியனில் எதிர்வீட்டார் கண் கூசும் என்பது ஒருபுறம். பூச்சு வேலையின் ஒட்டெல்லாம் தெருவுக்கே தெரியும் என்பது இன்னொருபுறம்.

எந்தப் பூச்சை எடுத்தாலும் அது உட்கார வேண்டியது காய்ந்த சுவரில். இங்கேதான் நம் வழக்கமும் வானிலையும் மோதிக்கொள்கின்றன. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை சுவரை நனைக்கிறது. நாமோ மார்கழியில் ஆள் பிடித்துப் பொங்கலுக்குள் முடித்துத்தர வேண்டும் என்கிறோம். மேலே காய்ந்திருக்கிற சுவர் உள்ளே ஈரமாக இருக்கும். மேட் அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், எனாமலும் அரைப் பளபளப்பும் பொறுக்காது. இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிரித்துப் பாருங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் பெயின்டருக்குத் தேதி தள்ளிவைத்துவிடலாம். புதுச்சிமென்ட் பூச்சானால் இன்னும் பொறுமை தேவை. அதன் காரம் ஆயில் பெயின்டைச் சோப்பாக்கிவிடும். ஒரு மாதமாவது நீராற்றிக் காயவிட்டு, காரத்தைத் தாங்குகிற பிரைமர் அடித்துத்தான் மேலே போக வேண்டும்.

தாத்தாவின் வட்டத்துக்கு வருவோம். அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஆயில் பிரைமர் ஒரு கை அடித்தால் எண்ணெய் மேலே ஏறாது. அதன்மேல் சாட்டின். அந்த வட்டத்துக்கு மட்டும் அடித்தால் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி தெரியும். பளபளப்பான பூச்சில் ஒட்டு மறையவே மறையாது. மூலையிலிருந்து மூலைவரை முழுச்சுவரையும் அடிக்க வேண்டும். மேட்டுக்கு மட்டும் இந்தச் சலுகை உண்டு. அதே டப்பாவில் மிஞ்சியதைத் தொட்டு வைத்தால் கலந்துவிடும். ஆகவே மிச்சப் பெயின்டை இறுக மூடி, மூடியில் ஷேடு எண்ணையும் பூச்சின் பெயரையும் தேதியையும் எழுதி பரணில் வையுங்கள்.

அடித்த பூச்சு அரைமணியில் கைக்குக் காய்ந்துவிடும். முழுசாக இறுக மூன்று, நாலு வாரம் ஆகும். பொங்கலுக்கு அடித்த சுவரில் ஈரத்துணி வைப்பதென்றால், மாசி பிறக்கட்டும்.